கமிட்டியம்மா

சாப்பாட்டு மணி அடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாடியிலிருந்து டைப்பிஸ்ட் இறங்கி வந்தாள், அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தினாள், யார் முகத்தையும் பார்க்காமல் மறுபடி ஏறிப் போனாள். விடுமுறையை ரத்து செய்கிற அறிவிப்பை எல்லாம் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக ஒட்டுகிறவர்கள், இதை மட்டும் மொத்தக் கூட்டமும் கையில் சாப்பாட்டு டப்பாவோடு நிற்கும்போது ஒட்டினார்கள் என்றால் அது தற்செயல் இல்லை.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடம் அது. கீழே துவைக்கும் இயந்திரங்கள், டிரையர்கள், இஸ்திரி உருளைகள், கடைசியில் மடிப்பு மேசைகள். மாடியில் அலுவலகம். கீழே வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களை மேய்க்கிறவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். இதில் யாருக்கும் ஒரு ஆச்சரியமும் இருந்ததில்லை.

கமிட்டியம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பத்தொன்பது வருடமாக மடிப்புப் பகுதியில் இருப்பவள். அந்தப் பட்டப்பெயர் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு போஸ்டர் மாட்டியிருக்கிறது. ‘பெண் ஊழியர்கள் அச்சமின்றிப் புகார் அளிக்கலாம்’ என்று மேலே பெரிய எழுத்து. அதன் கீழே விசாரணைக் கமிட்டியின் மூன்று பெண்கள். முதல் படம் டைப்பிஸ்ட், கமிட்டித் தலைவி. மூன்றாவது படம் வெளியிலிருந்து போட்ட வக்கீலம்மா. நடுவில், ஸ்டுடியோவில் போய் எடுத்த படத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு இவள். படம் மாட்டிய அன்றே மடிப்புப் பகுதி முழுக்க அவளைக் கமிட்டியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. கிண்டல்தான். ஆனால் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

புதிதாகக் குத்திய தாளில் ஐந்தே வரிகள். டிரையர் சூப்பர்வைசர் மீது பெண் ஊழியர் ஒருவர் கொடுத்த புகாரை விசாரணைக் கமிட்டி கூடி விசாரித்தது, புகாருக்கு ஆதாரம் இல்லை, பொய்ப்புகார் கொடுத்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. கூட்டம் நடந்த நாள், போன வியாழக்கிழமை, மாலை மூன்று மணி. கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று டைப்பிஸ்டுடையது. இன்னொன்று, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி எழுதிய கமிட்டியம்மாவின் கையெழுத்து.

அவள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. போன வியாழக்கிழமை மட்டுமல்ல, மூன்று வருடத்தில் ஒரு நாளும் போனதில்லை.

முன்வரிசையில் தாளைப் படித்துக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பினாள். அவளுக்குப் பெயர் புதுசு. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஆனாலும் அவள்தான் புதுசு. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவள். புகார் கொடுத்ததும் அவள்தான்.

“எப்பக்கா கூடினீங்க?” என்று கேட்டாள்.

கமிட்டியம்மா சாப்பாட்டு டப்பாவைக் கை மாற்றிப் பிடித்தாள்.

“வியாழக்கிழமை மூணு மணிக்குன்னு போட்டிருக்கு. அப்ப நீங்க அஞ்சாம் மேசைல மடிச்சிட்டு இருந்தீங்க. நான் பாத்துட்டேதான இருந்தேன். எனக்கு மடிக்க ஜோடி இல்லயே, வேற என்ன வேலை.”

“போய்ச் சாப்பிடு. அப்புறம் பேசிக்கலாம்.”

“என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலக்கா. என்னைக் கேக்காமயே என் புகாரை எப்படி விசாரிச்சீங்க?”

பக்கத்தில் நின்ற கொண்டைக்காரி சிரித்தாள். ஆறாம் மேசைக்காரி, எந்தப் பேச்சிலும் மூக்கை நுழைக்காமல் இருக்க முடியாதவள். “கமிட்டியம்மா கனவுல கூட்டம் போட்டிருப்பாங்க,” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு புதுசுவின் பக்கம் நின்று சிரித்ததில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நாறட்டும் என்கிற சிரிப்பு.

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் மேனேஜர் அவளை மாடிக்கு அழைத்தார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பதினாறு வருடத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அன்றுதான். பெண்களுக்கு ஒரு கமிட்டி இருக்க வேண்டும் என்பது சட்டமாம். தொழிலாளர்களில் ஒருத்தர் அதில் இருக்க வேண்டுமாம். அனுபவசாலி, நாலு பேர் மதிக்கிற ஆள் என்று பார்த்தால் நீங்கள்தான் என்றார். பிறகு பன்னிரண்டு தாளை முன்னால் வைத்தார். மேலே கம்பெனி பெயர், கீழே கையெழுத்துப் போட இடம், நடுவில் வெறுமை.

“மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும். ஒவ்வொரு தடவையும் உங்கள மேல கூப்பிட்டா உங்க ஜோடி சும்மா நிக்கும், எண்ணிக்கை குறையும், பாவம். மூணு வருஷத்துக்கும் இப்பவே போட்டுடுங்க. புகார் ஒண்ணும் இல்லன்னு நாங்க எழுதிக்கிறோம்.”

அவள் டீயைக் குடித்துக்கொண்டே பன்னிரண்டையும் போட்டாள். பதினோரு தாள்கள் சொன்னபடியே புகார் ஒன்றும் இல்லை என்று போய்ச் சேர்ந்தன. ஒப்புக்குச் சப்பாணியாக ஒருத்தி வேண்டியிருந்தது, அவள் இருந்தாள். பன்னிரண்டாவது தாள் இப்போது பலகையில் தொங்கியது.

புகாருக்கு வருவோம். டிரையர் சூப்பர்வைசர்தான் கீழே ராஜா. யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்குப் பனியன் துணி, யாருக்குக் கனத்த திரைச்சீலை என்று பிரிப்பவன் அவன். எந்தப் பெண்ணின் பின்னாலும் சத்தமில்லாமல் வந்து நின்று காதருகே விசில் அடிப்பான். துள்ளி விழுந்தால் சிரிப்பான். அதற்கு எல்லாரும் சிரித்தாக வேண்டும். ஒரு நாள் புதுசு சிரிக்கவில்லை. இன்னொரு நாள் சும்மா இருக்கச் சொன்னாள். அதற்கு அடுத்த வாரம் அழுக்குத் துணி அறையில் அவள் மூட்டை பிரித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்து கதவைச் சாத்தினான். அவள் தள்ளிவிட்டதும் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வாசலில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டுத்தான் விட்டான். மறுநாள் மணிக்கட்டு வீங்கிப்போய், இடது கையால் எழுதியது மாதிரியான கோணல் எழுத்தில், புகாரைப் பெட்டியில் போட்டாள். பெட்டியின் சாவி மேனேஜரிடம் இருக்கிறது என்பது பாவம் அவளுக்குத் தெரியாது.

அந்தச் சூப்பர்வைசர் கமிட்டியம்மாவின் கொழுந்தன். அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பதினோரு வயது. தன் கையால் சோறு போட்டு வளர்த்தவள். வேலைக்குச் சிபாரிசு செய்ததும் அவளே.

இதை எல்லாம்விட மோசமான ஒன்று இருக்கிறது. புதுசுவுக்கு மடிப்பு மேசையில் ஜோடியாக இருந்தவள் கமிட்டியம்மாதான்.

படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதற வேண்டும், விறைப்பாக இழுக்க வேண்டும், நீளவாக்கில் மடித்து, எதிரெதிரே நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒருத்தி கொடுப்பாள், மற்றவள் வாங்குவாள், தொங்குகிற மடிப்பைக் குனிந்து பிடித்து மறுபடி நடப்பாள். நல்ல ஜோடி என்றால் பேச்சே தேவைப்படாது. ஒரு ஷிப்டுக்கு அறுநூறு விரிப்பு மடித்தாக வேண்டும். ஒரு முனை தரையில் பட்டால் விரிப்பு மறுபடி துவைக்கப் போகும், அது அந்த மேசையின் தப்பு. புதுசு வந்த எட்டு மாதமும் கமிட்டியம்மாதான் மறுமுனையைப் பிடித்தாள். கெட்டிக்காரி, சீக்கிரம் பழகிவிட்டாள் என்று அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

புகார் கொடுத்த விஷயம் கசிந்த மறுநாள் காலையில் கமிட்டியம்மா தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அஞ்சாம் மேசைக்குப் போய்விட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம், “வீட்டு ஆளு மேல பழி போடுறவ முகத்துல எப்படி முழிக்கிறது,” என்றாள். நியாயம்தான் என்றார்கள். சொந்த ஜோடியே கைகழுவிவிட்ட பிறகு வேறு யார் போவார்கள்? போகிறவளுக்கு அடுத்த மாதம் முழுக்கத் திரைச்சீலைதான் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். பெண்கள்தான். இருபத்தெட்டு பெண்கள். ஒருத்திகூட வரவில்லை.

பதினொரு நாள் புதுசு தனியாக மடித்தாள். முதலில் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு பார்த்தாள். விரிப்பு தரையில் புரண்டது. எண்ணிக்கை குறைந்ததால் முதல் மெமோ. அப்புறம் சுவர்க் குழாயின் திருகுப் பிடியில் இரண்டு முனையைக் கட்டிவிட்டு, மறுமுனையை இழுத்து மடித்தாள். அது ஓரளவு நடந்தது. ஆனால் துருக்கறை ஒட்டிவிட்டது என்று இரண்டாவது மெமோ. மூன்று மெமோ வந்தால் வேலை போகும். இத்தனையையும் கமிட்டியம்மா அஞ்சாம் மேசையிலிருந்து பார்த்தாள். பார்க்காதவள் மாதிரி பார்ப்பதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

அறிவிப்பு ஒட்டிய அன்று மாலை ஷிப்ட் முடிந்ததும் அவள் மாடி ஏறினாள். புதுசுவுக்கு நியாயம் கேட்கப் போனாள் என்று சொன்னால் அது பச்சைப் பொய். கொண்டைக்காரி சிரித்தது தாங்காமல் போனாள். என்னைக் கேட்காமல் என் கையெழுத்தை வைத்து என் தலையிலேயே மிளகாய் அரைத்தார்களே என்கிற ஆத்திரம்தான்.

மேனேஜர் இந்த முறை நாற்காலி போடவில்லை.

“வெறும் தாள்லதான சார் போடச் சொன்னீங்க. புகார் இல்லன்னு எழுதிக்கிறேன்னு சொன்னீங்க. இதுக்கு எப்படி சார் என் கையெழுத்து?”

“கொழுந்தனைக் காப்பாத்தினதுக்கு நன்றி சொல்ல வந்தீங்கன்னு நெனச்சேன்.”

“அது வேற. கூட்டமே நடக்கலயே.”

“நடக்கலன்னு யார் சொன்னது? தாள்ல கையெழுத்து இருக்கு. உங்க கையெழுத்துதான?” அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “வெறும் தாள்ல போட்டேன்னு வெளிய சொல்லுங்களேன். மொதல்ல மாட்டுறது நீங்க. மூணு வருஷமா பொய்க் கையெழுத்துப் போட்ட பொம்பளைன்னு எழுதி வீட்டுக்கு அனுப்பிடுவேன். பத்தொன்பது வருஷ சர்வீஸ் பாருங்க, யோசிச்சுப் பேசுங்க.”

டைப்பிஸ்ட் பக்கத்து மேசையில் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். கமிட்டித் தலைவி. அவள் காதும் கழுத்தும் சிவந்திருந்தன. அவளும் பன்னிரண்டு தாளில் போட்டவள்தான். கமிட்டியம்மா அவளைப் பார்த்தபடியே நின்றாள். அவள் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறவன். பெண்டாட்டி பிரிந்துபோன இரண்டு வருடமாக இரண்டு வேளையும் இங்கேதான். வீட்டுக்காரர் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து பரிமாறினாள். பதினெட்டு மணி நேரம் நின்ற காலாக இருந்தாலும் பரிமாறுகிற கை அவளுடையதாகத்தான் இருக்கும், அந்த வீட்டு வழக்கம் அப்படி.

“அண்ணி கையெழுத்துதான் என்னைக் காப்பாத்திச்சு,” என்றான் அவன். வாய் நிறையச் சிரிப்பு. “கமிட்டின்னா சும்மாவா.”

அவள் கரண்டியோடு நின்றாள். “நீ அவளைத் தொட்டியா?”

“விடுங்க அண்ணி.”

“கேக்கிறேன்ல.”

“கையைத்தான முறுக்கினேன். அதுக்கு ஒரு புகாரு, ஒரு கமிட்டி. ரொம்பத் திமிரு புடிச்சவ. சனிக்கிழமையோட காலி. மூணாவது மெமோ டைப் ஆயிடுச்சு. அடுத்து வர்றவளாவது ஒழுங்கா இருப்பா.” தட்டை நீட்டினான். “இன்னும் கொஞ்சம் போடுங்க.”

கையைத்தான முறுக்கினேன் என்ற அந்தச் சொல் அவளுக்குப் புதிதில்லை. இதே வீட்டில், இதே வார்த்தையை, இதே குரலில் அவள் கேட்டிருக்கிறாள். அவள் ஓரகத்தி, இவன் பெண்டாட்டி, ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, வளையலை ஒதுக்கி, வீங்கிய மணிக்கட்டைக் காட்டினாள். அவனைக் கேட்டதற்கு இதைத்தான் சொன்னான். அன்றைக்குக் கமிட்டியம்மா என்ன செய்தாள்? தைலம் தடவிவிட்டாள். கொஞ்சம் பொறுத்துப் போ, நல்லவன்தான், கோபக்காரன், அவ்வளவுதான் என்றாள். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் ஒரு பையோடு போய்விட்டபோது, வாயாடி, குடும்பத்துக்கு லாயக்கில்லாதவள் என்று தெரு முழுக்கச் சொன்னதும் அவள்தான்.

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டாள். “நீயே போட்டுக்க.”

வீட்டுக்காரர் டிவியிலிருந்து திரும்பினார். “என்ன ஆச்சு உனக்கு?”

“அந்தத் தாள் பொய்னு சொல்லப்போறேன். இவன் இப்ப சொன்னதையும் சொல்லப்போறேன்.”

கொழுந்தன் சாப்பிடுவதை நிறுத்தினான். சிரிப்பு போய்விட்டது. கண் மட்டும் அவள் கையையே பார்த்தது. அவன் எழுந்திருப்பதற்குள் வீட்டுக்காரர் பேசினார். கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் பயப்பட வேண்டும்.

“அவன் பேரு கெட்டா என் பேரும் கெடும். அங்க போய் வாயத் தொறந்தன்னா திரும்பி இந்தப் படி ஏறாத.”

“என் வாழ்க்கைல பாதி இந்தப் படியக் கூட்டிப் பெருக்கினதுலயே போச்சு,” என்றாள் அவள். “ஏறணுமா வேண்டாமான்னு நான் முடிவு பண்றேன்.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் வேண்டுமென்றே பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

மறுநாள் டீ இடைவேளையில் போஸ்டரிலிருந்த வக்கீலம்மாவின் எண்ணுக்குப் போன் செய்தாள். மூன்று வருடமாகத் தினமும் கடந்து போன எண். யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை போலிருக்கிறது, வக்கீலம்மாவுக்கு எந்தக் கம்பெனி என்பதே பிடிபட ஒரு நிமிடம் ஆனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா கோபத்தில் வெடித்தார்.

“வெறும் தாள்ல கையெழுத்தா? என்னம்மா இது? இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“நீங்களும் கமிட்டிதானம்மா,” என்றாள் கமிட்டியம்மா. “நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

வக்கீலம்மாவுக்கு வருடத்துக்கு ஒரு முறை புகார் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வரும், நல்ல கம்பெனி என்று சந்தோஷப்பட்டு அலமாரியில் வைத்துவிடுவார். அவ்வளவுதான் அவருடைய பங்கு. கடைசியில், “வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு வரேன்,” என்றார். குரலில் கோபம் போய் வேறு ஏதோ இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் விஷயம் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. அஞ்சாம் மேசையில் அவளோடு மடித்துக்கொண்டிருந்தவள் சொல்லாமல் கொள்ளாமல் ஏழாம் மேசைக்கு இடம் மாறினாள். கொண்டைக்காரி அவள் காதுபடவே, “வீட்டு ஆம்பளயக் காட்டிக் குடுக்கிற ஜென்மம்,” என்றாள். அதே கொண்டைக்காரிதான் விசில் சத்தம் கேட்டால் முதலில் தோளைக் குறுக்கிக்கொள்கிறவள். வீட்டிலும் இரண்டு நாளாக யாரும் அவளோடு பேசவில்லை. சமைத்ததை மட்டும் சாப்பிட்டார்கள்.

மாடி அறையில் நீள மேசை போட்டிருந்தது. வக்கீலம்மா தலைப்பக்கம் உட்கார்ந்து முதல் வேலையாக மேனேஜரை வெளியே போகச் சொன்னார். அவர் ஏதோ சட்டம் பேசினார். வக்கீலம்மா தொழிலாளர் துறைக்கு எழுதிவைத்திருந்த கடிதத்தை மேசையில் வைத்து, இதை இன்றைக்கே அனுப்பட்டுமா என்று கேட்டதும் போய்விட்டார். மூன்றாவது மெமோ விசாரணை முடியும்வரை செல்லாது என்று முதலில் எழுதச் சொன்னார். டைப்பிஸ்ட் எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, “நானும் வெறும் தாள்லதான் போட்டேன்,” என்றாள். அதையும் எழுது என்றார் வக்கீலம்மா.

கமிட்டியம்மா சொந்தக்காரி என்பதால் கமிட்டியில் உட்காரக் கூடாது, சாட்சியாகத்தான் பேசலாம் என்றார். எதிர் நாற்காலிக்கு மாறினாள். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் கொழுந்தன்.

அவன்தான் முதலில் பேசினான். புதுசு தாமதமாக வருகிறவள், கண்டித்தேன், அந்தக் கோபத்தில் கதை கட்டுகிறாள் என்றான். மணிக்கட்டா? அதை எங்கே இடித்துக்கொண்டாளோ. புதுசு தன் முறை வந்ததும் நடந்ததை நேராகச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் சிலருக்கு வசதியாக இருந்திருக்கும்.

பிறகு கமிட்டியம்மா. பன்னிரண்டு தாள், டீ, நாற்காலி எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் தன் வீட்டில் இவன் சாப்பிட்டுக்கொண்டே என்ன சொன்னான் என்பதை வார்த்தை மாறாமல் சொன்னாள்.

“அண்ணி,” என்றான் கொழுந்தன், பல்லைக் கடித்துக்கொண்டு. “என்ன பேசுறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? யாரோட சோறு தின்னு வளந்தேன்னு நெனச்சுப் பாத்தீங்களா?”

“என்னோட சோறு,” என்றாள். “அதான் சொல்றேன்.”

அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். வக்கீலம்மா, உட்காருங்கள் அல்லது வெளியே போங்கள் என்றார். அவன் உட்கார்ந்தான். அவன் கை மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. அறையில் இருந்த நான்கு பெண்களும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கமிட்டியம்மாவுக்கு மூச்சு இறங்கியது. முடிந்தது என்று நினைத்தாள். இனி வீடு என்ன ஆகுமோ, வேலை என்ன ஆகுமோ, ஆனால் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. இந்தப் பெண் தன்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள், பார்த்தால் போதும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

“சாட்சியை நீங்க ஏதாவது கேக்கணும்னா கேக்கலாம். அது உங்க உரிமை,” என்று வக்கீலம்மா புதுசுவிடம் சொன்னார்.

புதுசு நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னிக்குக் காலைல ஏன் மேசை மாறிப் போனீங்க?”

இதற்குச் சொல்ல அவளிடம் பதில்கள் இருந்தன. கொழுந்தன் பாசம், வீட்டு மானம், பயம், ஷிப்ட், திரைச்சீலை. எதைச் சொன்னாலும் இந்த அறை ஒப்புக்கொள்ளும். அதில் பாதி உண்மையும்கூட. அவள் புதுசுவின் மணிக்கட்டைப் பார்த்தாள். வீக்கம் வடிந்திருந்தது. அதே இடத்தில் வீங்கிய இன்னொரு மணிக்கட்டில் தைலம் தடவிய விரல்கள்தான் அவள் மடியில் கிடந்தன.

“நீ சொன்னது நிஜம்னு தெரிஞ்சதால,” என்றாள். “எனக்கு அன்னிக்கே தெரியும். அவன் பெண்டாட்டி கையயும் அப்படித்தான் பண்ணினான். நான் பாத்தேன். உன் எதிர்ல நின்னா, உன் கை கண்ணுல பட்டுட்டே இருக்கும். அதான் போயிட்டேன்.”

டைப்பிஸ்ட் எழுதுவதை நிறுத்திவிட்டாள். கீழே டிரையர்கள் சுற்றுகிற இரைச்சல் தரை வழியாக மேலே வந்துகொண்டிருந்தது.

புதுசு அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கமிட்டியம்மா எதிர்பார்த்தது எதுவும் இல்லை.

“நான் பொய் சொல்றேன்னு நெனச்சுப் போனீங்கன்னுதான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்,” என்றாள் புதுசு. “அதக்கூடத் தாங்கிக்கிட்டேன்.”

வேறு கேள்வி உண்டா என்று வக்கீலம்மா கேட்டார். இல்லை என்று புதுசு தலையாட்டினாள். வக்கீலம்மா டைப்பிஸ்டின் பக்கம் திரும்பி, புதுசு கடைசியாகச் சொன்னதையும் அப்படியே எழுதச் சொன்னார்.